எக்செல் 2003-ல் ஓடிய ஃபைல் தேடும் மேக்ரோ, புதிய பதிப்புகளில் கணினிக்குக் கணினி வேறு எண்ணிக்கை காட்டுகிறது

வரவேடு (கேள்வி கேட்பவர்; பதில் தருவோர் நெடுவரிசை, சுழல்வளையம், அடைப்புக்குறி)

ஒரு முதன்மை ஃபோல்டருக்குள் 01 முதல் 12 வரை மாதத்துக்கு ஒன்றாக 12 ஃபோல்டர்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் வாரக் கணக்கு ஃபைல்கள். மேக்ரோ (எக்செலுக்குள் விபிஏ மொழியில் எழுதும் சிறு நிரல்) எல்லா ஃபைல்களையும் தேடி எடுத்து, ஒவ்வொன்றிலும் முதல் தாளின் மொத்தத் தொகையைப் படித்து, ஒரே தாளில் வரிசையாக எழுத வேண்டும். எக்செல் 2003-க்காக எழுதப்பட்டது. தேடும் வேலையை அப்ளிகேஷன்.ஃபைல்சர்ச் செய்தது.

இப்போதைய நிலை:

எக்செல் 2010, 2016 இரண்டிலும் ஃபைல்சர்ச் வரியில் எரர் 445 வந்து நின்றது. அதை எடுத்துவிட்டு டிர் (ஃபோல்டரில் உள்ள ஃபைல் பெயர்களை ஒவ்வொன்றாகத் தரும் விபிஏ கட்டளை) போட்டேன். உள் ஃபோல்டர்களுக்காக அதே செயல்கூறு தன்னைத் தானே அழைக்கும்படி எழுதினால் முதல் ஃபோல்டர் முடிந்ததும் எரர் 5. பிறகு 12 ஃபோல்டர் பெயர்களையும் நேராக எழுதிக் கொடுத்து ஓட்டினேன். தேடும் பெயர் *.எக்ஸ்எல்எஸ் என்பதுதான். ஒரே ஃபோல்டர் தொகுதியைப் பிரதி எடுத்து ஓட்டியும் முதல் கணினியில் 60 ஃபைல், இரண்டாவதில் 48. எஃப்எஸ்ஓ (ஃபைல்சிஸ்டம்ஆப்ஜெக்ட், ஃபைல்களைக் கையாளும் விண்டோஸ் கருவி) வைத்து, பெயருக்குள் ".எக்ஸ்எல்எஸ்" என்ற துண்டு இருக்கிறதா என்று பார்த்தால் 61.

முன்பு ஃபைல் பெயர்கள் எல்லாம் ரோமன் எழுத்தில் இருந்தன. இப்போது சில பெயர்கள் தமிழில். அவற்றின் தொகை தாளில் ஏறவே இல்லை. ஆனால் எந்த எரரும் காட்டவில்லை. மேக்ரோவின் தொடக்கத்தில் ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட் (எரர் வந்தாலும் நிற்காமல் அடுத்த வரிக்குப் போகச் சொல்வது) இருக்கிறது.

மூன்றாவது கணினியில் ஃபோல்டர் ஒன்டிரைவில் இருக்கிறது. அங்கே டிர் எரர் 52 தருகிறது. மேக் ஒன்றிலும் இதே ஃபைலை ஓட்ட வேண்டும்.

எந்தப் பதிப்பில் எதை எழுதினால் எல்லா இடத்திலும் ஒரே விடை வரும்?

நெடுவரிசை

வேறு எதையும் தொடும் முன் அந்த ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட் வரியை நீக்குங்கள். தேடும் மேக்ரோவில் அது தொடக்கத்திலேயே இருந்தால், "ஃபைல் இல்லை" என்பதும் "ஃபைல் இருக்கிறது, திறக்க முடியவில்லை" என்பதும் ஒரே மாதிரிதான் தெரியும். கணக்கு விஷயத்தில் இது மிக ஆபத்து. தமிழ்ப் பெயர் கொண்ட ஃபைல்கள் சத்தமில்லாமல் விடுபட்டதற்கு நேர் காரணமும் இதுதான்.

445-க்கு வருவோம். ஃபைல்சர்ச் எக்செல் 2007-லிருந்து வேலை செய்யாது. பழைய மேக்ரோ கம்பைல் ஆகிவிடும், ஓடும்போது அந்த வரியைத் தொட்டவுடன் 445 விழும். எந்த ரெஃபரன்ஸை (மேக்ரோ பயன்படுத்தும் வெளி லைப்ரரி) சேர்த்தாலும், எந்த அமைப்பை மாற்றினாலும் அது திரும்ப வராது. ஆகவே "2003 என்றால் ஃபைல்சர்ச், இல்லையென்றால் வேறு" என்று இரண்டு கிளை எழுதாதீர்கள். 2003-லும் ஓடக்கூடிய ஒரே முறையை எல்லாவற்றுக்கும் வையுங்கள். இரண்டு கிளை இருந்தால் இரண்டு விடை வரும், எது சரி என்று கண்டுபிடிக்கும் வேலை தனியாகச் சேரும்.

எரர் 5 ஏன் என்றால், டிர் ஒரு நேரத்தில் ஒரு தேடலைத்தான் நினைவில் வைத்திருக்கும். பாதையோடு அழைத்தால் புதிய தேடல் தொடங்கும், பாதை இல்லாமல் அழைத்தால் "அடுத்தது". உள் ஃபோல்டருக்குப் போய் நீங்கள் புதிய பாதையைக் கொடுத்ததும் வெளி ஃபோல்டரின் தேடல் அழிந்துபோகிறது. உள்ளே எல்லாம் முடிந்து டிர் வெற்றுச் சரம் தந்த பிறகு, வெளிச் சுற்று திரும்பவும் "அடுத்தது" என்று கேட்கிறது. முடிந்துபோன தேடலில் அடுத்ததைக் கேட்டால் 5. இன்னொரு இடமும் இருக்கிறது: சுற்றின் நடுவில் "இந்த ஃபைல் இருக்கிறதா" என்று பார்க்க இன்னொரு டிர் போட்டாலும் இதே கதிதான். பலரும் அந்த இரண்டாவது டிர் வேறொரு செயல்கூறுக்குள் ஒளிந்திருப்பதைக் கவனிப்பதில்லை.

விண்டோஸுக்கு நான் சொல்லும் முறை எஃப்எஸ்ஓவும் ஒரு வரிசையும். தன்னைத் தானே அழைக்கும் செயல்கூறு தேவையில்லை:

1. ஸ்கிரிப்டிங்.ஃபைல்சிஸ்டம்ஆப்ஜெக்ட் என்பதை கிரியேட்ஆப்ஜெக்ட் வழியாக உருவாக்குங்கள். ரெஃபரன்ஸ் பட்டியலில் எதையும் டிக் செய்ய வேண்டாம்.
2. இரண்டு கலெக்ஷன் (பல உறுப்புகளை வரிசையாக வைக்கும் பட்டியல்): ஒன்று "பார்க்க வேண்டிய ஃபோல்டர்கள்", மற்றொன்று "கிடைத்த ஃபைல்கள்". முதலாவதில் முதன்மை ஃபோல்டரைச் சேருங்கள்.
3. முதல் கலெக்ஷனில் எண்ணிக்கை 0 ஆகும்வரை சுற்றுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் 1-ஆம் உறுப்பை ஒரு மாறியில் எடுத்துக்கொண்டு, உடனே கலெக்ஷனிலிருந்து அதை நீக்குங்கள்.
4. அந்த ஃபோல்டரின் சப்ஃபோல்டர்கள் அனைத்தையும் முதல் கலெக்ஷனின் கடைசியில் சேருங்கள்.
5. அதன் ஃபைல்களை ஃபார் ஈச் வைத்துப் பாருங்கள். எஃப்எஸ்ஓவின் ஃபைல்ஸ் பட்டியலில் 1, 2, 3 என்று எண் கொடுத்து எடுக்க முடியாது, ஃபார் ஈச் மட்டுமே வழி. தேவையானவற்றின் முழுப் பாதையை மட்டும் இரண்டாவது கலெக்ஷனில் எழுதுங்கள்.
6. தேடல் முழுதும் முடிந்த பிறகு தனிச் சுற்றில் திறந்து படியுங்கள்.

6-ஆவது படியைத் தேடலோடு கலக்க வேண்டாம். ஃபைல் திறந்திருக்கும்போது எக்செல் அதே ஃபோல்டரில் தற்காலிக ஃபைல் உருவாக்கும், அது உங்கள் பட்டியலில் நுழையும்.

ஃபைல்சர்ச் பெயர் வரிசையில் அடுக்கித் தந்துகொண்டிருந்தது. எஃப்எஸ்ஓவும் டிரும் டிரைவ் எந்த வரிசையில் கொடுக்கிறதோ அதையே தரும். உள் டிஸ்க்கில் என்டிஎஃப்எஸ் என்றால் பெரும்பாலும் அகரவரிசை, யூஎஸ்பி அல்லது நெட்வொர்க் டிரைவில் அந்த உத்தரவாதம் கிடையாது. எழுதி முடித்த தாளை நீங்களே வரிசைப்படுத்துங்கள்.

சுழல்வளையம்

60, 48, 61 மூன்றும் எங்கிருந்து வந்தன என்பதை உங்கள் ஃபோல்டரைப் பார்க்காமலேயே ஓரளவு சொல்லலாம். இது எக்செல் பதிப்பின் வேறுபாடே இல்லை, டிரைவின் வேறுபாடு.

விண்டோஸ் பழைய நிரல்களுக்காக ஒவ்வொரு நீளப் பெயருக்கும் 8 எழுத்துப் பெயர், 3 எழுத்து நீட்சி (புள்ளிக்குப் பின் வரும் பகுதி) கொண்ட ஒரு குறும்பெயரையும் வைத்துக்கொள்ளும். எக்ஸ்எல்எஸ்எக்ஸ் என்று 4 எழுத்தில் முடியும் ஃபைலின் குறும்பெயர் எக்ஸ்எல்எஸ் என்று 3 எழுத்தில் முடியும். *.எக்ஸ்எல்எஸ் என்று டிரிடம் கேட்டால் அது நீளப் பெயரையும் குறும்பெயரையும் சேர்த்தே ஒப்பிடுகிறது. அதனால் புது வடிவ (எக்ஸ்எல்எஸ்எக்ஸ்) ஃபைல்களும் மாட்டுகின்றன. ஆனால் குறும்பெயர் உருவாக்குவது டிரைவுக்கு டிரைவு மாறும் அமைப்பு. அணைத்து வைத்த டிரைவில் 3 எழுத்து நீட்சி கொண்டவை மட்டுமே வரும்.

கமாண்ட் பிராம்ப்டில் அந்த ஃபோல்டருக்குப் போய் டிர் /எக்ஸ் என்று கொடுங்கள். பெயருக்கு முன்னால் ~1 போன்ற குறியோடு இன்னொரு பெயர்ப் பத்தி நிரம்பியிருந்தால் குறும்பெயர் இருக்கிறது, காலியாக இருந்தால் இல்லை. 60 காட்டிய கணினியில் அது நிரம்பியிருக்கும், 48 காட்டியதில் காலியாக இருக்கும். அப்படியென்றால் உங்களிடம் பழைய வடிவ ஃபைல் 48, புது வடிவ ஃபைல் 12.

61-ல் மிஞ்சிய ஒன்று ~$ என்று தொடங்கும் ஃபைலாக இருக்கும். யாராவது புது வடிவ ஃபைல் ஒன்றைத் திறந்து வைத்திருக்கும்போது எக்செல் உருவாக்கும் பூட்டு ஃபைல் அது. மறைந்த ஃபைல் என்பதால் டிர் தானாகக் காட்டாது, எஃப்எஸ்ஓ காட்டும்.

எனவே பெயர்க்குறிகளை நம்பாமல் நீட்சியை நீங்களே ஒப்பிடுங்கள். எஃப்எஸ்ஓவின் கெட்எக்ஸ்டென்ஷன்நேம் புள்ளி இல்லாமல் நீட்சியைத் தரும், அதை எல்கேஸ் வைத்துச் சிறிய எழுத்தாக்குங்கள். வேண்டிய நீட்சிகளோடு சரிநிகராக ஒப்பிடுங்கள். "உள்ளே இருக்கிறதா" என்று பார்க்காதீர்கள், பிரதிக்காகப் பின்னால் ஒட்டிய பெயர்களும் மாட்டும். பிறகு, பெயரின் முதல் 2 எழுத்து ~$ என்றால் விடுங்கள்.

அடுத்தது தமிழ்ப் பெயர்கள். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆங்கிலப் பக்கங்களில் தேடினால் இதற்கு விடை எளிதில் சிக்காது.

டிர் யூனிகோடு அறியாது. விண்டோஸ் கொடுக்கும் பெயரைக் கணினியின் பழைய எழுத்துப் பக்கத்துக்கு (கோட் பேஜ், ஒரு மொழிக்கான எழுத்துப் பட்டியல்) மாற்றித்தான் விபிஏவுக்குத் தருகிறது. தமிழுக்கு விண்டோஸில் அப்படி ஒரு பழைய எழுத்துப் பக்கமே கிடையாது. எனவே "வரவு_1" என்ற பெயர் "????_1" என்று வரும். வ, ர, வ, உகரக் குறி: 4 குறியீடு, 4 கேள்விக்குறி. இந்தப் பெயரை ஒர்க்புக்ஸ்.ஓப்பனிடம் கொடுத்தால் எரர் 1004. இதில் இன்னொரு கண்ணி இருக்கிறது. கேள்விக்குறி டிருக்கு "ஏதாவது ஒரு எழுத்து" என்று பொருள். ஆகவே திறக்கும் முன் "ஃபைல் இருக்கிறதா" என்று "????_1"-ஐ டிரிடம் கேட்டால் "இருக்கிறது" என்றே சொல்லும். சோதனை தேறும், திறப்பது தோற்கும்.

டிர் மட்டுமல்ல. கெட்ஆட்டர், ஃபைல்லென், ஃபைல்டேட்டைம், ஃபைல்காப்பி, கில், நேம் எல்லாமே இதே வகை. தமிழ்ப் பெயர் வரக்கூடிய இடத்தில் இவை எதையும் பயன்படுத்த வேண்டாம், ஒவ்வொன்றுக்கும் எஃப்எஸ்ஓவில் இணை உண்டு. ஒர்க்புக்ஸ்.ஓப்பன் யூனிகோடு அறியும், அதில் சிக்கல் இல்லை.

எஃப்எஸ்ஓவுக்கு மாறிய பிறகும் "இன்னும் கேள்விக்குறிதான் வருகிறது" என்று நினைக்கத் தோன்றும். காரணம் எம்எஸ்ஜிபாக்ஸும் இமீடியட் ஜன்னலும் தமிழைக் காட்டாது. மாறிக்குள் பெயர் சரியாகவே இருக்கும், காட்டும் இடம்தான் பழுது. சோதிக்கும்போது பெயரை ஒரு செல்லில் எழுதிப் பாருங்கள்.

அதேபோல விபிஏ எடிட்டரில் தமிழைத் தட்டச்சு செய்து ஒப்பிட முடியாது, அங்கேயே கேள்விக்குறியாகிவிடும். "வரவு" என்று தொடங்கும் ஃபைல்கள் மட்டும் வேண்டுமென்றால், அந்தச் சொல்லை ஒரு செல்லில் எழுதி மேக்ரோ அங்கிருந்து படிக்கட்டும். அல்லது சிஹெச்ஆர்டபிள்யூ (குறியீட்டு எண்ணை எழுத்தாக்கும் செயல்கூறு) வைத்து 2997, 2992, 2997, 3009 என்ற நான்கையும் ஒட்டுங்கள். செல் முறைதான் நல்லது, நாளை வேறு சொல் தேவைப்பட்டால் மேக்ரோவைத் திறக்க வேண்டியதில்லை.

மேக் வருகிறது என்றதால் இதையும் சேர்க்கிறேன். "கொள்முதல்" என்ற சொல்லில் கொ-வின் உயிர்க்குறியை 3018 என்ற ஒரே குறியீடாகவும் எழுதலாம், 3014, 3006 என்று இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். லென் போட்டு நீளம் பார்த்தால் ஒன்று 9 காட்டும், மற்றது 10. சமம் என்று ஒப்பிட்டால் "இல்லை" என்று வரும். விண்டோஸ் இவற்றை இரு வேறு பெயர்களாகவே எடுத்துக்கொள்ளும், ஒரே ஃபோல்டரில் இரண்டும் இருக்க முடியும். பழைய மேக் டிஸ்க் வடிவம் பெயர்களைப் பிரித்தே சேமிக்கும், ஆகவே அங்கிருந்து வந்த ஃபைல்களில் இது நேரும். ஒப்பிடும் முன் மூன்று ரீப்ளேஸ் போடுங்கள்: 3014+3006 என்பதை 3018 ஆக, 3015+3006 என்பதை 3019 ஆக, 3014+3031 என்பதை 3020 ஆக. ஒப்பீட்டுக்கு மட்டும்தான் மாற்றிய பெயர். திறக்கும்போது அசல் பெயரையே கொடுக்க வேண்டும்.

வரவேடு

டிர் /எக்ஸ் கொடுத்துப் பார்த்தேன். முதல் கணினியில் குறும்பெயர் இருக்கிறது, இரண்டாவதில் அந்தப் பத்தி காலி. புது வடிவ ஃபைல்கள் சரியாக 12. மாதத்துக்கு ஒன்று: நான்காவது வார ஃபைலை யாரோ புது வடிவிலும் சேமித்திருக்கிறார்கள், பழையதும் அப்படியே இருக்கிறது. அதாவது முதல் கணினியில் நான்காவது வாரம் இரண்டு முறை கூட்டப்பட்டிருக்கிறது.

எஃப்எஸ்ஓ வரிசை முறையில் எழுதினேன். தமிழ்ப் பெயர் ஃபைல்கள் எல்லாம் ஏறின. ஒரு மேல் ஃபோல்டரிலிருந்து தேட முயன்றபோது மட்டும் எரர் 70 வந்து நின்றது. அந்த இடத்தில் மட்டும் ரெஸ்யூம் நெக்ஸ்ட் போட்டால், ஒரு ஃபைலின் பெயர் பட்டியலில் இரண்டு முறை வருகிறது. இது ஏன்?

நெடுவரிசை

70 என்றால் அனுமதி இல்லை. டாக்குமென்ட்ஸ் ஃபோல்டருக்குள் மை மியூசிக், மை பிக்சர்ஸ், மை வீடியோஸ் என்று மறைந்த இணைப்புகள் இருக்கும். அவை உண்மையான ஃபோல்டர்கள் அல்ல, பழைய நிரல்களுக்கான வழிகாட்டிகள். அவற்றின் உள்ளடக்கத்தைப் பட்டியலிட விண்டோஸ் அனுமதிக்காது. டிரைவின் உச்சியிலிருந்து தேடினால் சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன் ஃபோல்டரும் இதே எரரைத் தரும்.

பெயர் இரண்டு முறை வந்தது ரெஸ்யூம் நெக்ஸ்டின் குணம். "அடுத்த வரிக்குப் போ" என்பதுதான் அதன் பொருள். ஃபார் ஈச் வரியே தோற்றால் அடுத்த வரி எது? சுற்றின் உள்ளே இருக்கும் முதல் வரி. எனவே சுற்றுக்குள் ஒரு முறை நுழைந்துவிடும். அப்போது பாதையை வைத்திருக்கும் மாறியில் முந்தைய ஃபைலின் பாதையே இன்னும் உட்கார்ந்திருக்கும், அதையே திரும்ப எழுதும்.

சரியான வழி: சுற்றுக்கு முன்னால், ரெஸ்யூம் நெக்ஸ்டை இயக்கி, எர்.கிளியர் கொடுத்து, ஃபோல்டரின் ஃபைல்ஸ்.கவுன்ட், சப்ஃபோல்டர்ஸ்.கவுன்ட் இரண்டையும் ஒரு எண் மாறியில் படியுங்கள். எர்.நம்பரை உடனே வேறொரு மாறியில் எடுத்துவைத்த பிறகுதான் ஆன் எரர் கோடூ 0 கொடுக்க வேண்டும், அந்த வரி எர்.நம்பரை அழித்துவிடும். எடுத்துவைத்த எண் 0 இல்லை என்றால் அந்த ஃபோல்டரின் பாதையையும் எண்ணையும் "பார்க்க முடியாதவை" என்ற தனித் தாளில் எழுதிவிட்டு அடுத்த ஃபோல்டருக்குப் போங்கள். அந்தத் தாள் கட்டாயம் வேண்டும். விடுபட்டது எது என்று தெரியாத கூட்டுத்தொகையை யாரும் நம்பக் கூடாது.

நெட்வொர்க் டிரைவில் எஃப்எஸ்ஓ மெதுவாக இருந்தால், ஒவ்வொரு ஃபைலுக்கும் அளவு, தேதி என்று பல விவரம் கேட்பதைக் குறையுங்கள். அப்போதும் மெதுவென்றால் விண்டோஸில் இன்னொரு வழி உண்டு. டபிள்யூஸ்கிரிப்ட்.ஷெல்லின் ரன் கட்டளையில் சிஎம்டி /யூ /சி, அதன் பிறகு டிர் /எஸ் /பி /ஏ-டி, பாதை, அதன் வெளியீடு > குறியோடு ஒரு தற்காலிக ஃபைலுக்கு. ரன் கட்டளையின் இரண்டாவது அளவுரு 0, மூன்றாவது ட்ரூ, முடியும்வரை காத்திருக்க. /யூ இல்லாமல் போனால் தமிழ்ப் பெயர்கள் மறுபடி கேள்விக்குறியாகும். அந்த ஃபைலை எஃப்எஸ்ஓவின் ஓப்பன்டெக்ஸ்ட்ஃபைல் வைத்துப் படிக்கும்போது நான்காவது அளவுரு -1 கொடுத்தால் யூனிகோடாகப் படிக்கும். நீட்சிச் சோதனையை இங்கேயும் விபிஏவிலேயே செய்யுங்கள், கமாண்ட் பிராம்ப்டின் டிரும் குறும்பெயரைப் பார்க்கும்.

அடைப்புக்குறி

ஒன்டிரைவ், மேக், பதிப்பு எண் மூன்றையும் நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஒன்டிரைவில் எரர் 52 வருவது திஸ்ஒர்க்புக்.பாத் காரணமாக. ஒன்டிரைவோடு ஒத்திசையும் ஃபோல்டரில் ஒர்க்புக் இருந்தால் அது டிஸ்க் பாதையைத் தராமல் எச்டிடிபிஎஸ் என்று தொடங்கும் இணைய முகவரியைத் தரலாம். டிருக்கு இணைய முகவரி புரியாது, 52. எஃப்எஸ்ஓவிடம் கொடுத்தால் 76, பாதை இல்லை என்று. ஒரே ஃபைலை டெஸ்க்டாப்பில் வைத்தால் ஓடும், ஒன்டிரைவில் வைத்தால் ஓடாது என்பதால் பலர் இதைப் பதிப்புச் சிக்கல் என்று நினைக்கிறார்கள்.

முகவரியை வெட்டி ஒட்டி டிஸ்க் பாதையாக மாற்றலாம். தனிக் கணக்கில் முகவரியின் தொடக்கமும் கணக்கு எண்ணும் போக மீதியை, என்விரான் மூலம் ஒன்டிரைவ்கன்ஸ்யூமர் என்ற மாறி தரும் பாதையோடு சேர்த்து, சாய்கோடுகளைத் திருப்ப வேண்டும். நிறுவனக் கணக்கில் முகவரியின் அமைப்பே வேறு, மாறி ஒன்டிரைவ்கமர்ஷியல். பகிர்ந்த ஃபோல்டர் என்றால் இரண்டும் பொருந்தாது. ஆகவே நான் இதைப் பரிந்துரைப்பதில்லை. முதன்மை ஃபோல்டரின் பாதையை ஒரு செல்லில் வைத்துக்கொள்ளுங்கள். செல் காலியாக இருந்தாலோ, எச்டிடிபி என்று தொடங்கினாலோ, எஃப்எஸ்ஓவின் ஃபோல்டர்எக்ஸிஸ்ட்ஸ் இல்லை என்றாலோ, அப்ளிகேஷன்.ஃபைல்டயலாக் 4 மூலம் ஆளையே ஃபோல்டரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். 4 என்பது ஃபோல்டர் தேர்வு. இது 2003-லும் இருக்கிறது.

ஒன்டிரைவில் மேகக் குறியோடு இருக்கும் ஃபைல்கள் பட்டியலில் வந்துவிடும், திறக்கும்போதுதான் இறங்கும். மேக்ரோ 48 ஃபைல்களை வரிசையாகத் திறந்தால் நின்று நின்று போகும். முதன்மை ஃபோல்டரை வலது கிளிக் செய்து "எப்போதும் இந்தச் சாதனத்தில் வை" என்ற தேர்வைக் கொடுத்து, முழுதும் இறங்கிய பிறகு ஓட்டுங்கள்.

மேக்கில் எஃப்எஸ்ஓ கிடையாது. கிரியேட்ஆப்ஜெக்ட் வரியில் 429 வரும். அங்கே விபிஏவோடு வருவது டிர்தான். ஆனால் எக்செல் 2016 முதல் மேக்கில் டிருக்கு நட்சத்திரக் குறி கொடுத்துத் தேட முடியாது. ஃபோல்டர் பாதையை மட்டும் கொடுத்து எல்லாப் பெயர்களையும் வாங்கி, நீட்சியை நீங்களே சோதிக்க வேண்டும். உள் ஃபோல்டர்களுக்கு நெடுவரிசை சொன்ன அதே வரிசை முறையை வைக்கலாம்: ஒரு ஃபோல்டரின் பெயர்களை முழுதும் வாங்கி முடித்த பிறகே அடுத்த ஃபோல்டருக்குப் போகிறது என்பதால், டிரின் ஒற்றை நினைவு இங்கே இடையூறு செய்யாது. பாதைப் பிரிப்பானைக் கையால் எழுதாமல் அப்ளிகேஷன்.பாத்செபரேட்டர் என்று போடுங்கள், 2011 மேக்கில் அது முக்காற்புள்ளி, 2016 முதல் சாய்கோடு. முதல் முறை ஓட்டும்போது அனுமதி கேட்டு ஜன்னல் வரும். கிராண்ட்ஆக்சஸ்டுமல்டிபிள்ஃபைல்ஸ் என்ற கட்டளைக்குப் பாதைகளின் அணியைக் கொடுத்தால் எல்லாவற்றுக்கும் ஒரே தடவையில் கேட்டுவிடும். விண்டோஸ் வரிகளையும் மேக் வரிகளையும் #இஃப் மேக் என்ற கம்பைல் நிபந்தனையால் பிரியுங்கள்.

பதிப்பு எண்ணை வைத்துக் கிளை பிரிப்பது பற்றி. அப்ளிகேஷன்.வெர்ஷன் 2003-க்கு 11.0, 2007-க்கு 12.0, 2010-க்கு 14.0, 2013-க்கு 15.0. 13 கிடையாது. 2016, 2019, 2021, 365 எல்லாமே 16.0 தான், அவற்றை இதனால் பிரித்தறிய முடியாது. மேலும் அது எண் அல்ல, சரம். சரமாகவே ஒப்பிட்டால் "9.0" என்பது "16.0"-ஐவிடப் பெரியது. வால் என்ற செயல்கூறைப் போட்டு எண்ணாக்குங்கள். சிடபிள் வேண்டாம், தசமத்துக்குக் காற்புள்ளி வைக்கும் கணினிகளில் அது தவறும்.

இன்னொன்றும் அடிக்கடி வரும். புது பதிப்பில் அவுட்லுக் போன்ற ஏதாவது ஒரு ரெஃபரன்ஸை டிக் செய்து சேமித்து, பழைய பதிப்பில் திறந்தால் அது "மிஸ்ஸிங்" ஆகும். அப்போது கம்பைல் எரர் சுட்டிக்காட்டுவது அந்த ரெஃபரன்ஸையே அல்ல. லெஃப்ட், டிர் போன்ற எந்தக் குற்றமும் அறியாத சொல்லைக் கறுப்படித்து "புராஜெக்டோ லைப்ரரியோ கிடைக்கவில்லை" என்று சொல்லும். டிர் கெட்டுவிட்டது என்று அதைத் திருத்த உட்காராதீர்கள். டூல்ஸ், ரெஃபரன்ஸஸ் திறந்து மிஸ்ஸிங் என்று இருப்பதை நீக்குங்கள்.

விண்டோஸ் ஏபிஐ (விண்டோஸின் உள் கட்டளைகளை நேராக அழைக்கும் வழி) வைத்துத் தேடும் பழைய துணுக்குகள் எங்காவது ஒட்டியிருந்தால், 64 பிட் எக்செலில் டிக்ளேர் வரிகள் கம்பைல் ஆகாது. பிடிஆர்சேஃப் சேர்த்து, தேடல் கைப்பிடியை லாங்பிடிஆர் ஆக்க வேண்டும், 2007-ம் அதற்கு முந்தையவையும் இருந்தால் #இஃப் விபிஏ7 கொண்டு பிரிக்க வேண்டும். இந்த வேலைக்கு ஏபிஐ தேவையே இல்லை என்பது என் கருத்து.

சுழல்வளையம்

மேக்ரோதான் வேண்டும் என்ற கட்டாயம் இல்லையென்றால், 2016 முதல் எக்செலுக்குள்ளேயே பவர் குவெரி (வெளி ஃபைல்களிலிருந்து தரவை எடுத்துச் சேர்க்கும் கருவி) இருக்கிறது. 2010, 2013-க்குத் தனியாக நிறுவ வேண்டும். டேட்டா, கெட் டேட்டா, ஃப்ரம் ஃபைல், ஃப்ரம் ஃபோல்டர். உள் ஃபோல்டர்களையும் தானே எடுத்துக்கொள்ளும், தமிழ்ப் பெயர் பிரச்சினையும் இல்லை. எக்ஸ்டென்ஷன் பத்தியைச் சிறிய எழுத்தாக்கி வடிகட்டுங்கள், ~$ இங்கேயும் வரும்.

நெடுவரிசை

இவருக்கு அது ஒத்துவராது என்று நினைக்கிறேன். 48 ஃபைலும் பழைய வடிவம். பழைய வடிவத்தைப் பவர் குவெரி படிக்க ஆக்ஸஸ் டேட்டாபேஸ் இன்ஜின் என்ற தனி நிறுவலைக் கேட்கும், அது எக்செலின் 32, 64 பிட்டோடு ஒத்துப்போக வேண்டும். கணினிக்குக் கணினி வேறுபாட்டை ஒழிக்கப் போய் இன்னொரு வேறுபாட்டைக் கொண்டுவந்தது போலாகும். எல்லாவற்றையும் புது வடிவுக்கு மாற்றிய பிறகு என்றால் நானும் பவர் குவெரியையே சொல்வேன்.

வரவேடு

விண்டோஸ் கணினிகள் மூன்றிலும் இப்போது 60 வருகிறது, ~$ போய்விட்டது. நான்காவது வாரத்தின் இரட்டையை எப்படித் தவிர்ப்பது? பழையதை அழிக்க முடியாது.

சுழல்வளையம்

ஸ்கிரிப்டிங்.டிக்ஷனரி (ஒரு சாவிக்கு ஒரு மதிப்பு வைக்கும் பட்டியல்) ஒன்றை உருவாக்குங்கள். சாவி: ஃபோல்டர் பாதையும் கெட்பேஸ்நேம் தரும் நீட்சியில்லாப் பெயரும் சேர்ந்தது, எல்கேஸ் போட்டு. மதிப்பு: முழுப் பாதை. சாவி ஏற்கெனவே இருந்தால் இரண்டின் டேட்லாஸ்ட்மாடிஃபைட் தேதியை ஒப்பிட்டு, புதியதை வையுங்கள், மற்றதை "விடப்பட்டவை" தாளில் எழுதுங்கள். நீட்சியை மட்டும் பார்த்துப் புது வடிவத்துக்கு முன்னுரிமை தராதீர்கள். புது வடிவில் சேமித்த பிறகும் யாராவது பழைய ஃபைலிலேயே திருத்தம் செய்திருக்கலாம். அந்த 12 ஜோடியின் தொகையையும் ஒரு முறை கண்ணால் சரிபார்ப்பது அவசியம்.

சாவியில் ஃபோல்டர் பாதை கண்டிப்பாக இருக்க வேண்டும், 12 மாதத்திலும் அதே பெயர்கள்தானே. திறக்கும் சுற்றிலும் இதே காரணத்துக்காக ஒரு எச்சரிக்கை: ஒரே பெயர் கொண்ட இரண்டு ஒர்க்புக்கை எக்செல் ஒரே நேரத்தில் திறக்காது, வேறு ஃபோல்டரில் இருந்தாலும் 1004. படித்த உடனே சேமிக்காமல் மூடுங்கள். அப்டேட்லிங்க்ஸ் 0, ரீட்ஒன்லி ட்ரூ கொடுத்துத் திறங்கள். ஆட்டோமேஷன்செக்யூரிட்டியை 3 ஆக்கிவிட்டால் திறக்கும் ஃபைல்களில் இருக்கும் மேக்ரோக்கள் ஓடாது, சுற்று முடிந்ததும் பழைய மதிப்புக்கே திருப்புங்கள். பாதையும் பெயரும் சேர்ந்து 218 எழுத்தைத் தாண்டினால் எக்செல் திறக்க மறுக்கும், எஃப்எஸ்ஓ பட்டியலில் அந்த ஃபைல் இருந்தாலும்கூட. அப்படிப்பட்டவற்றை லென் வைத்து முன்பே பிரித்துத் தாளில் எழுதிவிடுங்கள்.

வரவேடு

டிக்ஷனரி சேர்த்ததும் மூன்றிலும் 48. விடப்பட்டவை தாளில் 12 வரி. அதில் இரண்டு ஜோடியில் பழைய ஃபைல்தான் பிந்திய தேதி, தொகையும் வேறு. நீட்சியை வைத்து முடிவு செய்திருந்தால் அந்த இரண்டும் தவறாகியிருக்கும். மேக் கிளையை இன்னும் ஓட்டிப் பார்க்கவில்லை.

அடைப்புக்குறி

மேக்கில் டிக்ஷனரியும் இருக்காது, எஃப்எஸ்ஓ இருக்கும் அதே லைப்ரரியில்தான் அதுவும் இருக்கிறது. கலெக்ஷனுக்கே சாவி கொடுத்துச் சேர்க்கலாம், அதே சாவி இரண்டாவது முறை வந்தால் 457 வரும், அதைப் பிடித்துத் தேதியை ஒப்பிடுங்கள். கலெக்ஷனில் உறுப்பை மாற்ற முடியாது, நீக்கிவிட்டு அதே சாவியில் மறுபடி சேர்க்க வேண்டும்.